கதைக் கொடியும் காட்டுக் கொடியும்

கொடி என்றதும் தமிழருக்கு முதலில் நினைவுக்கு வருபவன் பறம்புமலைப் பாரி. படர்வதற்குக் கொழுகொம்பு இன்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரையே விட்டுச் சென்றவன் அவன். அந்தக் கதையில் கொடி இரக்கத்துக்கு உரிய உயிர், மனிதன் கொடுப்பவன். சென்ற நூற்றைம்பது ஆண்டுகளாக மேலைநாட்டுக் கதைகளில் வளர்ந்துவரும் கொடியோ முற்றிலும் வேறு வகை. அது யாரிடமும் இரப்பதில்லை. பிடிக்கிறது, இறுக்குகிறது, கொல்கிறது. ஓரளவு அறிவும் அதற்கு உண்டாம்.

இவ்வகைக் கொடிகளுள் நம் மாணவர்கள் மிகுதியாக அறிந்தது, ஜே. கே. ரௌலிங் எழுதி 1997-இல் வெளிவந்த முதல் ஹாரி பாட்டர் நாவலில் வரும் 'டெவில்ஸ் ஸ்னேர்' எனலாம். 'பேயின் கண்ணி' என்று தமிழில் சொல்லிக்கொள்வோம். (இதே ஆங்கிலப் பெயர் ஊமத்தையின் ஓர் இனத்துக்கும் உண்டு. ஊமத்தை ஏறுவதும் இல்லை, நெரிப்பதும் இல்லை.) 2001-இல் இந்நாவல் திரைப்படமாயிற்று, நம்மவருள் பலருக்குப் படத்தின் வழியாகவே இக்கொடி அறிமுகம். இதைத் தாவரவியல் கண்கொண்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். கற்பனைக் கதையில் அறிவியல் பிழை தேடுவது வீண் வேலை அல்லவா என்று சிலர் கேட்கலாம். பிழை தேடுவது வீண்தான். ஆனால் ஒரு கதை நமக்கு எதைக் கண்டு அஞ்சக் கற்றுக்கொடுக்கிறது என்று பார்ப்பது வீண் வேலை அன்று.

கதையில் நடப்பது இதுதான். மூன்று மாணவர்கள் ஒரு பொறிக்கதவின் வழியே இருட்டில் குதிக்கிறார்கள். கீழே மெத்தை போல் ஏதோ தாங்குகிறது. அது ஒரு செடி. பேசிக்கொண்டிருக்கும்போதே அதன் கொடிகள் பாம்பு போல் கால்களைச் சுற்றிக்கொள்கின்றன. திமிறத் திமிற இறுக்கம் கூடுகிறது. மூவருள் பாடத்தை ஒழுங்காகப் படித்த மாணவி, இச்செடி இருளையும் ஈரத்தையும் விரும்பும் என்று வகுப்பில் கேட்டதை நினைவுகூர்ந்து, நெருப்பை ஏவுகிறாள். கொடிகள் சுருண்டு விலகுகின்றன.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். சாகசக் கதைகளில் பூதத்தை வெல்வது பெரும்பாலும் வாளாகவோ புயவலியாகவோ இருக்கும். இங்கே வெல்வது ஒரு தாவரவியல் குறிப்பு. இச்செடி எங்கே வாழும், எதை விரும்பும், எதை விரும்பாது என்று அறிந்தவள் பிழைக்கிறாள், உடனிருப்போரையும் பிழைப்பிக்கிறாள். பாடம் நடத்தும் எந்த ஆசிரியருக்கும் இக்காட்சி பிடிக்கும்.

இரண்டாவதாக, திமிறினால் இறுக்கும் என்ற செய்தி. இது வெறும் அச்சுறுத்தல் என்றே பலர் நினைப்பர். உண்மையில் இக்கொடியிடம் உள்ள மிகச் சிறந்த தாவரவியல் இதுவே. பாகல், புடலை, பீர்க்கு ஆகியவற்றின் பற்றுக்கம்பி எதைத் தொட்டாலும் சுருள்வதில்லை. சார்லஸ் டார்வின் 1865-இல் ஏறுகொடிகளின் அசைவுகளைப் பற்றி ஒரு நீண்ட ஆய்வுரை வெளியிட்டார். 1875-இல் அது நூலாயிற்று. பாசிஃபுளோரா இனத்துக் கொடி ஒன்றின் பற்றுக்கம்பி நுனியில் ஏறத்தாழ 2 மில்லிகிராம் எடையுள்ள நூல்வளையத்தை மெல்ல வைத்தபோதே அது வளைந்தது என்று அதில் எழுதியுள்ளார். ஆனால் நீர்த்துளிகள் விழுந்தபோது அது அசையவில்லை. மழை பெய்யும்போதெல்லாம் சுருண்டால் கொடியின் பிழைப்பு என்னாவது? பின்னர் ஜெர்மானியத் தாவரவியலார் பெஃபர், ஈரமான ஜெலட்டின் பூசிய வழவழப்பான குச்சியால் தேய்த்தால் பற்றுக்கம்பி பொருட்படுத்துவதில்லை என்றும், சொரசொரப்பான பொருள் உராயும்போதுதான் தூண்டப்படுகிறது என்றும் காட்டினார். அதாவது, வெறும் அழுத்தம் அன்று, புள்ளிக்குப் புள்ளி மாறும் அழுத்தமே அதற்குச் செய்தி. அசையாத காலைவிட உதறும் காலே பற்றுக்கம்பிக்கு உரக்கப் பேசும்!

இங்கே ஒரு வேடிக்கை. நாவலில் நெருப்பே விடுதலை தருகிறது. திரைப்படத்திலோ, அசையாமல் தளர்ந்து இருந்தால் கொடி தானாகவே விட்டுவிடும் என்று மாற்றியிருக்கிறார்கள். நூலைப் படமாக்குவோர் அறிவியலைக் கெடுப்பதே வழக்கம். இந்த ஓரிடத்தில் படம் நூலை மிஞ்சிவிட்டது. டார்வினின் பற்றுக்கம்பி, தூண்டுதலை நீக்கியதும் மீண்டும் நிமிர்ந்துகொண்டது. ஒரே பற்றுக்கம்பியை 54 மணி நேரத்தில் 21 முறை வளையவும் நிமிரவும் செய்திருக்கிறார் அவர். வீனஸ் பூச்சிப்பொறிச் செடியும் இத்தகையதே. ஏறத்தாழ 20 நொடிகளுக்குள் இருமுறை தொட்டால் அதன் இலை மூடும். பிறகு உள்ளே இருப்பது அசையாவிட்டால், இரை அன்று என்று கொண்டு ஒரு நாள் அளவில் திறந்துவிடும். பூச்சி துடித்தால்தான் செரிமான நீர் சுரக்கும்.

வேகத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் கதை தாங்காது. ஆயினும் காரணம் சுவையானது. விலங்குக்குத் தசை உண்டு. செடிக்கு உள்ள கருவிகள் இரண்டே: ஒருபுறச் செல்கள் மறுபுறச் செல்களைவிட நீள வளர்தல், செல்களுக்குள் நீர் ஏறி இறங்குதல். திசுவின் வழியே நீர் பரவ ஆகும் நேரம், திசுக் கனத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 1 மில்லிமீட்டர் கனமுள்ள தண்டு வளைய ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 5 சென்டிமீட்டர் கனமுள்ள தண்டு அதேபோல் வளைய 2,500 நொடி, அதாவது நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். கை கனத்துக் கொடி பாம்பு போல் பாய்ந்து சுற்ற வேண்டுமானால் அதற்கு நீர் போதாது, தசை வேண்டும். தசை இருந்தால் அது கொடி அன்று.

ஒளியை வெறுக்கும் செடி என்ற கருத்தை எடுத்துக்கொண்டால், அதை உடனே தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பச்சையம் உள்ள தாவரம் ஒளியை நாடும் என்பது பள்ளிப் பாடம். எனினும், 1975-இல் டொனால்டு ஸ்ட்ராங், தாமஸ் ரே என்ற இருவர் மான்ஸ்டெரா இனக் கொடியின் நாற்றுகளை ஆராய்ந்து ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். வெப்பமண்டலக் காட்டின் தரையில் முளைக்கும் இந்நாற்று, வெளிச்சத்தை நோக்கி அன்று, அருகிலுள்ள இருட்டை நோக்கி ஊர்ந்து செல்கிறது. காட்டில் மிக இருண்ட திசை எது? பருத்த மரத்தின் அடிமரம் நிற்கும் திசை. இருளை நோக்கிப் போனால் ஏற ஒரு மரம் கிடைக்கும். மரத்தைத் தொட்டு ஏறத் தொடங்கியதும் நாட்டம் மாறிவிடுகிறது. பின்னர் ஒளியைத் தேடி மேலே போகிறது. எனவே ரௌலிங்கின் கொடி இருளை விரும்புவது தவறன்று. இருளிலேயே தங்கிவிடுவதுதான் தவறு. மான்ஸ்டெராவுக்கு இருள் ஒரு வழிகாட்டி. பேயின் கண்ணிக்கு அது வீடு. ஒளியில்லா வீட்டில் அது எதைத் தின்று வாழ்கிறது?

இக்கேள்விக்கு நூலில் விடையே இல்லை. இதுவே இப்படைப்பின் பெருங்குறை என்பது என் கருத்து. இக்கொடி உண்பதாகத் தெரியவில்லை. பூப்பதாகவோ காய்ப்பதாகவோ தெரியவில்லை. ஏறுவதற்கு ஒரு மரமும் இல்லை. அகப்பட்டவரை நெரிக்கிறது, அவ்வளவுதான். நெரித்து அதற்கு என்ன ஆதாயம்? காவல்நாய்க்குப் பதிலாக அங்கே ஒரு செடியை வைத்திருக்கிறார்கள் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. தனக்கென ஒரு வாழ்க்கை இல்லாத உயிரை 'பாதி அறிவுள்ளது' என்று எப்படிச் சொல்வது? ஆசிரியர் அதற்கு வெறியைக் கொடுத்தார்; பசியைக் கொடுக்க மறந்துவிட்டார்.

பசியுள்ள கொடியைக் காண வேண்டுமானால் மந்திரப் பள்ளிக்குப் போக வேண்டியதில்லை. சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில் ஏறிக் கும்மிடிப்பூண்டியில் இறங்கினால் போதும். சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலை மதில்களுக்கும் சாலைக்கும் இடையே, லாரிப் புழுதி படிந்த முள்வேலிகளில் கோவையும் சிறுபூனைக்காலியும் ஏறிக் கிடக்கும். அங்கிருந்து கிழக்கே பழவேற்காடு ஏரியின் பக்கம் போகப் போக மணல் கூடும். புதர்கள் மேல் பச்சையும் மஞ்சளுமாக நூல்கண்டைப் பிரித்துப் போட்டாற்போல் ஒன்று படர்ந்திருக்கும். அதுதான் கொத்தான்.

சிறுபூனைக்காலியை முதலில் பார்ப்போம். தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் வேலியோரங்களில் குடியேறிய கொடி இது; டார்வின் நூல்வளையம் வைத்துப் பார்த்த பாசிஃபுளோரா இனத்தைச் சேர்ந்தது. பூவையும் காயையும் சுற்றிப் பச்சை வலை போன்ற பூவடிச் செதில்கள் மூடியிருக்கும். அவற்றின் நுனிகளில் பிசுபிசுப்பான சுரப்பித் துளிகள். தொட்டால் ஒட்டும், முகர்ந்தால் நாறும். அவ்வலையில் சிற்றெறும்புகளும் கொசுப் போன்ற பூச்சிகளும் ஒட்டிச் சாவதை யாரும் காணலாம். 1995-இல் இந்திய ஆய்வாளர் மூவர், அச்சுரப்பு நீரில் புரதத்தைச் செரிக்கும் நொதி இருப்பதையும், செரித்த பொருளைச் செதில்கள் உறிஞ்சுவதையும் கண்டு எழுதினர். காயைக் காக்கும் வேலியே சிறு வயிறாகவும் ஆகிவிட்டது! இதன் பழுத்த மஞ்சள் பழத்தைச் சிறுவர்கள் தின்பார்கள். பழுக்காத காயில் சயனைடு தரும் சேர்மங்கள் உண்டு, அதைத் தின்னலாகாது.

கொத்தானின் செய்தி இதைவிடப் பெரிது. இது ஓர் ஒட்டுண்ணி. இலையில்லை, தரையோடு தொடர்பும் சில காலமே. ஏறிய செடியின் தண்டுக்குள் உறிஞ்சு உறுப்புகளைச் செலுத்தி நீரையும் உணவையும் எடுத்துக்கொள்கிறது. 'அம்மையார் கூந்தல்' எனப்படும் கஸ்குட்டாவும் பார்வைக்கு இதே போன்றது. இரண்டையும் உறவினர் என்றே யாரும் நினைப்பர். ஆனால் அம்மையார் கூந்தல் சர்க்கரைவள்ளியின் குடும்பம். கொத்தான் இலவங்கப்பட்டையின் குடும்பம். வெவ்வேறு குலத்தில் பிறந்த இரண்டு கொடிகள், ஒரே தொழிலை மேற்கொண்டதால் ஒரே உருவத்தை அடைந்துவிட்டன.

2018-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்காட் ஈகனும் உடனாய்வாளர்களும் ஃபுளோரிடா மாநிலத்து ஓக் மரங்களில் ஒன்றைக் கண்டனர். ஒரு வகைக் குளவி ஓக் இலையில் முட்டையிடும். இலை அங்கே பட்டாணி போல் வீங்கும்; அந்தக் கட்டிக்குள் குளவியின் புழு வளரும். இந்தக் கட்டிகளைக் கொத்தான் பற்றிக்கொண்டு உறிஞ்சுவதை அவர்கள் பார்த்தார்கள். கொடி பற்றிய கட்டிகளை அறுத்துப் பார்த்தபோது, பாதிக்குச் சற்றுக் குறைவானவற்றில், முழு வளர்ச்சி அடைந்த குளவி வெளியேற முடியாமல் வற்றி உலர்ந்து கிடந்தது. கொடி பற்றாத கட்டிகளில் இப்படி இருந்தவை மிகச் சில. ஒரு கொடி, பூச்சி கட்டிய வீட்டைப் பிடித்து, அதன் உணவைத் திருடி, உள்ளிருப்பதைச் சாகவிடுகிறது. பழவேற்காட்டு மணலில் படர்ந்திருப்பதும் இதே இனந்தான். எந்த நாவலாசிரியருக்கும் தோன்றாத கதை இது. நம் ஊர்ப் புதரின் மேல் கிடக்கிறது.

அம்மையார் கூந்தல் இனத்துக்கோ மூக்கும் உண்டு என்று சொல்லத் தோன்றும். விதையில் இருக்கும் சேமிப்பு சில நாள்களுக்கே போதும். அதற்குள் ஒரு செடியைப் பற்றாவிட்டால் நாற்று மடியும். 2006-இல் ரன்யன், மெஷர், டி மொராயெஸ் ஆகியோர் இதன் அமெரிக்க இனம் ஒன்றின் 30 நாற்றுகளைத் தக்காளிச் செடிக்கு அருகில் வைத்துப் பார்த்தனர். 24 நாற்றுகள் தக்காளிப் பக்கமே வளர்ந்தன. செடியை எடுத்துவிட்டுத் தக்காளியின் மணப்பொருளை மட்டும் வைத்தபோதும் அத்திசைக்கே திரும்பின. கோதுமையின் மணத்திலோ விலக்கும் பொருள் ஒன்று இருந்தது. 2014-இல் வெஸ்ட்வுட் குழுவினர், இக்கொடிக்கும் அது பற்றிய செடிக்கும் இடையே ஆயிரக்கணக்கான தூது ஆர்.என்.ஏ. மூலக்கூறுகள் இருபுறமும் சென்று வருவதைக் கண்டனர்.

இப்படித் தொட்டறிந்து, முகர்ந்து, தேர்ந்து, தள்ளும் உயிருக்கு அறிவு உண்டா? இங்கேதான் எழுதுவோர் பலர் வழுக்கி விழுகிறார்கள். கதை எழுதுவோர் மட்டுமல்லர், அறிவியல் எழுதுவோரும்.

தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவு வகையால் அடுக்கும்போது புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர் என்கிறது. அந்த ஓரறிவு, தொட்டு அறிதல். பற்றுக்கம்பியை அறிந்தவருக்கு இத்தொடர்பு மகிழ்ச்சி தரும். ஆனால் இதை வைத்துக்கொண்டு, தாவரவியல் முழுவதையும் தொல்காப்பியர் அன்றே கண்டுவிட்டார் என்று மேடையில் முழங்குவோர், அவருக்கும் பெருமை சேர்ப்பதில்லை, தாவரவியலுக்கும் சேர்ப்பதில்லை. அவர் கூறியது கூர்ந்து நோக்கிய ஒருவரின் வகைப்பாடு. அதன் மதிப்பு அதுவே.

ஜகதீச சந்திர போஸையும் இவ்வாறே படுத்துகிறோம். தூண்டுதலுக்குத் தாவரத் திசு மின்குறியால் விடை தருகிறது என்பதை நுட்பமான கருவிகளால் அளந்து காட்டியவர் அவர். 1917-இல் கல்கத்தாவில் தம் ஆய்வு நிலையத்தை நிறுவினார். அவருடைய அளவீடுகளை மறந்துவிட்டு, 'செடிக்கு அழத் தெரியும் என்று போஸ் நிறுவினார்' என்று மட்டும் சொல்லித் திரிகிறோம். 1973-இல் வெளிவந்து பல நாடுகளில் விற்பனையான 'தாவரங்களின் மறைவாழ்வு' என்ற ஆங்கில நூல் இப்போக்குக்குத் தூபம் போட்டது. கிளீவ் பாக்ஸ்டர் என்பவர் 1966-இல் பொய் கண்டறியும் கருவியைத் தம் அறையிலிருந்த செடியில் மாட்டி, அது மனித எண்ணத்தை உணர்கிறது என்றார். அந்நூல் அதை உண்மையாகவே கொண்டாடியது. 1975-இல் ஹோரோவிட்ஸ் முதலியோர் கட்டுப்பாடுகளுடன் அச்சோதனைகளுள் முக்கியமான ஒன்றைத் திரும்பச் செய்தபோது அப்படி எதுவும் கிடைக்கவில்லை. நூல் விற்ற அளவுக்கு மறுப்பு விற்கவில்லை.

இக்காலத்திலும் இப்பூசல் ஓயவில்லை. 2006-இல் சிலர் 'தாவர நரம்பியல்' என்று ஒரு துறைக்குப் பெயர் சூட்டினர். அடுத்த ஆண்டே முப்பதுக்கு மேற்பட்ட அறிஞர்கள் கையெழுத்திட்டு, நரம்பும் மூளையும் இல்லாத உயிருக்கு இச்சொல் பொருந்தாது என்று எதிர்த்தனர். 2018-இல் டொயோட்டா, கில்ராய் முதலியோர், ஓர் இலையைப் புழு கடித்ததும் கால்சியம் அலை நொடிக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வேகத்தில் பிற இலைகளுக்குப் பரவுவதைப் படமெடுத்தனர். செய்தி போவது உண்மை. அதைப் பெற்று 'ஐயோ' என்று உணர ஒருவர் உள்ளே இருக்கிறாரா என்பது வேறு கேள்வி. தீ எச்சரிக்கை மணி அடித்ததும் ஆலையின் நீர்த்தெளிப்பான் தானே திறந்துகொண்டால், ஆலை அஞ்சியது என்று நாம் சொல்வதில்லை. சிலி நாட்டுக் காடுகளில் போகிலா என்றொரு கொடி இருக்கிறது. தான் ஏறிய மரத்தின் இலையைப் போலவே தன் இலையின் உருவையும் அளவையும் மாற்றிக்கொள்கிறது என்று 2014-இல் ஜியானோலி முதலியோர் எழுதினர். இது வியப்பானது, எப்படி நிகழ்கிறது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. 2022-இல் வேறு இருவர், பிளாஸ்டிக் இலையையும் அது பார்த்துப் பின்பற்றுகிறது என்றனர். செடிக்குக் கண் வந்துவிட்டது என்று செய்தித்தாள்கள் குதித்தன. ஒளியும் இலையின் வயதும் அச்சோதனையில் சரிவரக் கட்டுப்படுத்தப்படவில்லை என்ற மறுப்பைப் படித்தவர் எத்தனை பேர்? 'பாதி அறிவுள்ள கொடி' என்று நாவலில் எழுதினால் அது கற்பனை. ஆய்விதழின் பெயரைச் சொல்லி எழுதும்போது அதற்கு வேறு தராசு வேண்டும்.

இத்தகைய கொடூரச் செடிகள் எந்த நாட்டில் முளைக்கின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். 1874-இல் 'நியூயார்க் வேர்ல்டு' இதழ், மடகாஸ்கர் தீவில் பெண்ணொருத்தியைப் பலிகொண்ட மரம் என்று ஒரு செய்தியை வெளியிட்டது. மரமும் பொய், அதற்குப் பலி தந்ததாகச் சொல்லப்பட்ட இனக்குழுவும் பொய். ஆனால் 1924-இல்கூட அப்பொய்யின் பெயராலேயே மடகாஸ்கரைப் பற்றி ஒரு நூல் வந்தது. 1955-இல்தான் வில்லி லே என்ற எழுத்தாளர் அதை விரிவாக உடைத்தார். எச். ஜி. வெல்ஸ் 1894-இல் எழுதிய சிறுகதையிலோ, குருதி குடிக்கும் ஆர்க்கிட் அந்தமான் பக்கத்திலிருந்து இலண்டன் கண்ணாடிக் குடிலுக்கு வருகிறது. அதன் காற்று வேர்கள் வளர்த்தவரின் கழுத்திலேயே பதிகின்றன. கதை விறுவிறுப்பானது, வெல்ஸின் நகைச்சுவையும் இழையோடுகிறது. ஆயினும் மடகாஸ்கர், அந்தமான் என்று, தாம் ஆண்ட அல்லது ஆள விரும்பிய நிலங்களிலேயே இவர்களுக்குப் பேய்ச்செடி கிடைப்பது தற்செயல் அன்று. நம் கீழைக் கடற்கரைப் புதர்க்காடுகளில் வாண்டா என்ற ஆர்க்கிட் மரக்கிளைகளில் வாழ்கிறது. அது ஒட்டுண்ணி அன்று, தொற்றுத்தாவரமே. அதன் தொங்கும் வேர்கள் பஞ்சு போன்ற புறத்திசுவால் மழைநீரைப் பிடித்துக்கொள்கின்றன. ஒரு சொட்டு மரச்சாறுகூட எடுப்பதில்லை. இந்த வகையில் ரௌலிங்கை மெச்ச வேண்டும்: அவருடைய கொடி எந்த அயல்நாட்டிலிருந்தும் வந்ததாகச் சொல்லப்படவில்லை.

உண்மையில் நெரித்துக் கொல்லும் தாவரம் ஒன்று உண்டா என்றால், உண்டு. அதை நாம் கும்பிடுகிறோம். திருவள்ளூர் மாவட்டத்தில் ஆலமரத்தால் பெயர் பெற்ற ஊர் திருவாலங்காடு. பறவை உண்ட ஆலம்பழத்தின் விதை பனையின் மட்டை இடுக்கில் விழுந்து முளைக்கிறது. வேர்கள் பனையைச் சுற்றி இறங்கி, ஒன்றோடொன்று பிணைந்து வலையாகின்றன. ஆண்டுகள் பல சென்றபின், ஆலின் நடுவே மொட்டைப் பனை மட்டும் நிற்கும். இதைக் கதையாக்க எவரும் முன்வரவில்லை. அவ்வளவு மெதுவாகக் கொல்பவனைக் கதாசிரியர்களுக்குப் பிடிக்காது போலும்.

பேயின் கண்ணி மீண்டும் வருவது 2003-இல் வெளியான ஐந்தாம் நாவலில். பலரும் நினைவில் வைக்காத அந்தச் சிறு நிகழ்ச்சியே என் கணிப்பில் இத்தொடரின் சிறந்த தாவரவியல் பக்கம். மருத்துவமனையில் படுத்திருக்கும் ஒருவருக்குப் பண்டிகைப் பரிசாக ஒரு தொட்டிச்செடி வருகிறது. தீங்கற்ற அழகுச் செடி என்று எண்ணிச் செவிலி அதைக் கட்டிலருகே வைக்கிறார். அது பேயின் கண்ணியின் கன்று. நோயாளி இறந்துபோகிறார். இங்கே கொடி எவர்மேலும் பாயவில்லை. ஆளைக் கொன்றது, ஒரு செடியை இன்னொரு செடியென்று எண்ணிய பிழை. முதல் நாவலில் இருட்டும் திமிறலுமாகக் காட்டிய அபாயத்தைவிட இது உண்மைக்கு நெருக்கமானது.

ஏனெனில், நம் ஊரில் ஆளைக் கொல்லக்கூடிய கொடிகள் அசைந்து வருவதில்லை. குன்றிமணிக் கொடி வேலியில் சும்மா தொங்கும். அதன் சிவப்பும் கறுப்புமான விதை பொற்கொல்லருக்கு எடைக்கல்லாயிற்று. பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருளும் ஆயிற்று. அதிலுள்ள அப்ரின் என்ற நச்சு, செல்கள் புரதம் ஆக்குவதையே நிறுத்திவிடும். கெட்டியான தோல் உடையாமல் விழுங்கியவர் தப்பலாம், மென்றுவிட்டால் ஆபத்து. அதனால் அந்த விதையைச் சிறு குழந்தையின் கைக்கு எட்டும்படி வைக்கக் கூடாது. திரையில் கொடி காலைச் சுற்றுவதைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்ளும் பிள்ளை, இம்மணியைக் கண்டால் வாயில் போட்டுப் பார்க்கும்.

தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளும் அப்படியே. கார்த்திகை மாதத்தில் தீச்சுடர் போல் பூக்கும் இக்கொடியின் எல்லாப் பகுதியிலும் கோல்ச்சிசின் என்ற நச்சு இருக்கிறது. இதே பொருள் அளவோடு கொடுக்கப்படும்போது கீல்வாத நோய்க்கு மருந்து. அதற்காகவே தமிழ்நாட்டில் இதைப் பயிரிட்டு விதையை ஏற்றுமதி செய்கிறார்கள். கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று எண்ணித் தின்று இறந்தவர்கள் இங்கும் இலங்கையிலும் உண்டு. பூத்திருக்கும் காலத்தில் இக்கொடியை யாரும் தவறவிட முடியாது. பூ இல்லாதபோது இலையைப் பார்க்க வேண்டும்: நீண்ட இலையின் நுனியே கம்பியாகச் சுருண்டு அண்டைக் கிளையைப் பற்றியிருக்கும். சர்க்கரைவள்ளி இலையில் அது இராது. கோடையில் கொடி முழுதும் காய்ந்து மறைந்துவிடும். மண்ணுக்குள் கிழங்கு மட்டும் கிடக்கும். அப்போது மண்வெட்டியில் அகப்படுவது இரண்டு கிளையாக வளைந்து ஏர்க்கலப்பையைப் போல் இருந்தால், அது உண்ணும் கிழங்கு அன்று. கலப்பைக்கிழங்கு என்று அதற்கு முன்பே பெயர் வைத்திருக்கிறார்கள்.